பழைய வீடியோ கேம் கருவிகளில் படத்தர மாற்றங்கள்

பழைய வீடியோ கேம் கருவிகளில் படத்தர மாற்றம் என்பது, 1970கள் முதல் 2000களின் தொடக்கம் வரை விற்பனையான வீட்டு விளையாட்டுக் கருவிகளைத் திறந்து, அவற்றின் மின்சுற்றில் திருத்தங்கள் செய்து, திரையில் தெளிவான படம் கிடைக்கச் செய்யும் பணியாகும். இதில் பெரும்பாலும் ஈடுபடுபவர்கள் மின்னணுவியல் ஆர்வலர்களும் சிறு பழுதுபார்ப்பாளர்களும் ஆவர். நகல் கேசட்டுகளையும் நகல் குறுந்தகடுகளையும் ஓட வைப்பதற்காகச் செய்யப்படும் மாற்றங்கள் வேறு. இக்கட்டுரை படத்தின் தரத்தை மட்டுமே கருதுகிறது.

பெரும்பாலான பழைய கருவிகளில் படத்தை உருவாக்கும் சில்லு நல்ல படத்தையே உருவாக்கியது. அது திரைக்குச் செல்லும் வழியில்தான் கெட்டது. ஆகவே படத்தை எந்த இடத்தில் இருந்து எடுப்பது என்ற கேள்வியைச் சுற்றியே இம்மாற்றங்களின் வரலாறு அமைகிறது. ஆர்வலர்கள் கருவியின் பின்புறத் துளையில் தொடங்கி, படிப்படியாக உள்ளே சென்று, இறுதியில் சில்லின் எண்களையே நேரடியாகப் படிக்கும் நிலையை அடைந்தனர். அந்த இடத்தை அடைந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது: மிகத் தெளிவான படம்தானா அந்த விளையாட்டின் உண்மையான படம்?

படம் கெடும் வழி

வீட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பெறுவதற்காகவே உருவான பெட்டி. 1972இல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற முதல் வீட்டு வீடியோ கேம் கருவி விற்பனைக்கு வந்தபோது, தொலைக்காட்சியில் ஆன்டெனா இணைப்பைத் தவிர வேறு நுழைவாயில் இல்லை. ரால்ஃப் பேரின் வடிவமைப்பில் இருந்து பிறந்த அக்கருவி, ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையம் போல நடந்துகொள்ள வேண்டியிருந்தது. கருவிக்குள் இருந்த பண்பேற்றி, படத்தை 3ஆம் அல்லது 4ஆம் சேனலின் அலைவரிசையில் ஏற்றி அனுப்பியது. தொலைக்காட்சி அதை மீண்டும் இறக்கிப் படமாக்கியது. ஏற்றி இறக்கும் இந்த வேலையில் இரைச்சலும் மங்கலும் சேர்ந்தன.

இரண்டாவது சிக்கல் நிறம். அமெரிக்காவில் 1953இல் ஏற்கப்பட்ட என்.டி.எஸ்.சி. வண்ண முறை, ஏற்கெனவே கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்கும்படி அமைக்கப்பட்டது. எனவே வெளிச்சத்தைக் குறிக்கும் சமிக்ஞைக்குள்ளேயே, ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், நிறத்தைக் குறிக்கும் சமிக்ஞையும் சேர்க்கப்பட்டது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போல, கலந்து வந்த இரண்டையும் தொலைக்காட்சி பிரித்தெடுக்க வேண்டும். உண்மையில் எந்தத் தொலைக்காட்சியும் அதை முழுமையாகச் செய்யவில்லை. நெருக்கமான கோடுகள் நிறமாகத் தவறாகப் படிக்கப்பட்டன. நிறம் மாறும் விளிம்புகளில் புள்ளிகள் ஊர்ந்தன. திரைப்படம் பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் கத்தரித்தது போல நிற்க வேண்டிய வீடியோ கேமில் இது உடனே தெரியும்.

கருவியில் இருந்து படம் வெளிவரும் முறைகளைத் தரத்தின் ஏறுவரிசையில் இவ்வாறு அடுக்கலாம்:

- ஆர்.எஃப்.: படமும் ஒலியும் ஒரே அலையில் ஏற்றப்பட்டு ஆன்டெனா இணைப்பு வழியாகச் செல்லும்.
- காம்போசிட்: ஒலி தனியாகப் பிரியும். வெளிச்சமும் நிறமும் இன்னும் ஒரே கம்பியில் கலந்தே செல்லும். மஞ்சள் நிற முனை கொண்ட கேபிள் இதற்கு உரியது.
- எஸ்-வீடியோ: வெளிச்சத்துக்கு ஒரு கம்பி, நிறத்துக்கு ஒரு கம்பி.
- ஆர்.ஜி.பி.: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் செல்லும். படத்தை ஒழுங்குபடுத்தும் ஒத்திசைவுச் சமிக்ஞையும் உடன் செல்லும்.
- எண்முறை: ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாகவே அனுப்பப்படும். எச்.டி.எம்.ஐ. இணைப்பு இவ்வகையைச் சேர்ந்தது.

ஒரு கருவி ஆர்.எஃப். மட்டுமே வெளியிட்டாலும், அதற்கு முந்தைய படிகளில் ஒன்றோ பலவோ கருவிக்குள் நடந்திருக்கும். பண்பேற்றிக்குள் நுழையும் முன் படம் காம்போசிட்டாக இருக்கும். பல கருவிகளில் அதற்கும் முன் ஆர்.ஜி.பி.யாக இருக்கும். அந்த இடத்தைச் சுற்றுப்பலகையில் கண்டுபிடித்து, அங்கே ஒரு கம்பியை சால்டர் செய்து வெளியே கொண்டுவருவதே பெரும்பாலான மாற்றங்களின் சாரம்.

தொடக்கம்: அட்டாரி 2600

1977இல் வெளிவந்த அட்டாரி 2600 இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வானொலி அலைக் கசிவைப் பற்றிய அமெரிக்க விதிகளுக்கு இணங்க, அதன் முதல் வடிவத்தின் சுற்றுப்பலகை தடித்த அலுமினிய வார்ப்புக்குள் அடைக்கப்பட்டது. வெளியே வந்த ஒரே படம் ஆர்.எஃப். வழியாகவே வந்தது.

கருவிக்குள் இருந்த டி.ஐ.ஏ. என்ற சில்லோ வெளிச்சத்தையும், நிறத்தையும், ஒத்திசைவையும் தனித்தனிக் கால்களில் வெளியிட்டது. சில மின்தடைகள் அவற்றை ஒன்றாகக் கலந்து பண்பேற்றிக்கு அனுப்பின. வெளிச்சமும் நிறமும் கலப்பதற்கு முன்பே அவற்றை எடுத்து, சிறு பெருக்கிச் சுற்றின் வழியாக அனுப்பினால் எஸ்-வீடியோ கிடைத்துவிடும். சில்லறை விலையில் கிடைக்கும் மின்தடைகளும் டிரான்சிஸ்டரும் கொண்டு ஆர்வலர்கள் இதைச் செய்தனர். 1977இல் யாரும் வீட்டில் கண்டிராத தெளிவு, அக்கருவிக்குள் முதல் நாளில் இருந்தே இருந்தது.

நாட்டுக்கு நாடு மாறிய படம்

ஒரே கருவி வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு தரத்தில் தெரிந்தது. இதற்குக் காரணம் தொலைக்காட்சியின் பின்புறம். பிரான்சில் 21 முனைகள் கொண்ட ஸ்கார்ட் இணைப்பு 1980களின் தொடக்கத்தில் புதிய தொலைக்காட்சிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அந்த இணைப்பு ஆர்.ஜி.பி.யை ஏற்கும். பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் அது பரவியது. ஜப்பானில் அதே வடிவத்தில், ஆனால் வேறு கம்பி வரிசையில், ஒரு 21 முனை இணைப்பு சில பெட்டிகளில் இருந்தது. அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சிகளில் ஆர்.ஜி.பி. நுழைவாயில் அநேகமாக இல்லை.

1988இல் ஜப்பானில் வெளிவந்த சேகா மெகா டிரைவ், பின்புற இணைப்பில் ஆர்.ஜி.பி.யையும் வெளியிட்டது. ஆகவே பிரான்சில் ஒருவர் ஸ்கார்ட் கேபிள் ஒன்றைச் செருகியே தெளிவான படத்தைப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் அதே கருவியை வாங்கியவர் ஆர்.எஃப். அல்லது காம்போசிட் படத்தையே கண்டார். 1990இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாமும் ஆர்.ஜி.பி. வெளியிடும் திறன் கொண்டதே.

ஸ்கார்ட் இணைப்பு இருந்தால் மட்டும் தரம் உயர்ந்துவிடாது என்பதற்கும் பிரான்சே சான்று. அங்கே விற்ற நின்டெண்டோ என்.இ.எஸ். கருவியில், காம்போசிட் படத்தை ஆர்.ஜி.பி.யாக மாற்றும் ஒரு சிறு பலகை சேர்க்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே கலந்துவிட்டதைப் பிறகு பிரித்ததால் அது பெயரளவிலேயே ஆர்.ஜி.பி.யாக இருந்தது.

அமெரிக்க ஆர்வலர்களுக்குப் பின்னாளில் வேறொரு வழி கிடைத்தது. தொலைக்காட்சி நிலையங்களும் மருத்துவமனைகளும் பயன்படுத்திய தொழில்முறைப் படக்குழாய்த் திரைகள் ஆர்.ஜி.பி.யை ஏற்பவை. அவை காலாவதியாகிக் கழிக்கப்பட்டபோது, ஒளிப்பதிவாளர்களுக்காகச் செய்யப்பட்ட அந்தத் திரைகள் வீடியோ கேம் ஆர்வலர்களின் வீடுகளுக்குச் சென்றன. சோனியின் பி.வி.எம். (PVM) வரிசைத் திரைகள், அவற்றைவிட உயர்ந்த பி.வி.எம். (BVM) வரிசையான ஒளிபரப்புத் தரத் திரைகள் ஆகியவை இதனால் தேடி வாங்கப்படும் பொருள்களாயின.

ஃபேமிகாம்: எடுக்க இடமில்லாத கருவி

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் கருவியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. மசாயுகி உயெமுரா தலைமையில் உருவான அக்கருவியில் விலையைக் குறைப்பதே முதல் நோக்கமாக இருந்தது. அதன் வெளிநாட்டு வடிவமே 1985இல் அமெரிக்காவில் வந்த என்.இ.எஸ். ஃபேமிகாமில் ஆர்.எஃப். மட்டுமே இருந்தது. என்.இ.எஸ். கருவியில் காம்போசிட்டும் சேர்க்கப்பட்டது.

மேலே சொன்ன விதிக்கு ஃபேமிகாம் ஒரு விலக்கு. படத்தை உருவாக்கும் அதன் பி.பி.யு. சில்லு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களை எந்த இடத்திலும் வெளியிடவில்லை. சில்லுக்குள்ளேயே காம்போசிட் அலை உருவாகி, 21ஆம் கால் வழியாக வெளிவந்தது. பிரித்தெடுக்க வேண்டிய பாலும் நீரும் ஊற்றிலேயே கலந்துவிட்டன. எனவே முதற்கட்ட மாற்றம் எளியது. அதன் பலனும் சிறியது. 21ஆம் காலில் இருந்து ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் காம்போசிட்டை எடுத்து ஆர்.எஃப். பண்பேற்றியைத் தவிர்த்தனர். அப்படி எடுத்த படத்தில் சிறைக்கம்பிகள் போல மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. அருகில் ஓடும் பிற தடங்களின் மின் இரைச்சல் அதற்குக் காரணம். அந்தக் காலைச் சுற்றுப்பலகையில் இருந்து உயர்த்தி, கம்பியை நேரடியாக அதிலேயே சால்டர் செய்தால் கோடுகள் குறைந்தன.

1993இல் நின்டெண்டோவே ஃபேமிகாமின் புதிய வடிவத்தைக் காம்போசிட் வெளியீட்டுடன் ஜப்பானில் விற்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த மலிவு விலை என்.இ.எஸ்., அதற்கு நேர்மாறாக, காம்போசிட்டை நீக்கி ஆர்.எஃப். மட்டும் கொண்டிருந்தது. அதன் படத்திலும் செங்குத்துக் கோடுகள் தெரிந்தன.

ஆர்.ஜி.பி.க்கு ஒரு வழி இருந்தது; அதற்கு ஒரு விலையும் இருந்தது. என்.இ.எஸ். விளையாட்டுகளை நாணயம் போட்டு ஆடும் பிளேசாய்ஸ்-10 என்ற கடைக் கருவியை நின்டெண்டோ 1986இல் வெளியிட்டது. அதன் பி.பி.யு. சில்லு ஆர்.ஜி.பி. வெளியிடும் வகையைச் சேர்ந்தது. கால்களின் எண்ணிக்கையும் 40 என்று ஒன்றே. ஆர்வலர்கள் அந்தச் சில்லைக் கழற்றி வீட்டுக் கருவியில் பொருத்தினர். படம் தெளிவாக வந்தது. ஆனால் அச்சில்லின் நிறப் பட்டியல் வீட்டுச் சில்லின் நிறங்களோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. திரை முழுவதற்கும் நிறச்சாயல் ஏற்றும் வசதி அதில் வேறு விதமாக வேலை செய்ததால், சில விளையாட்டுகளின் காட்சிகள் அளவுக்கு மீறி வெளிறித் தெரிந்தன. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு வீட்டுக் கருவி மேம்படும்போதெல்லாம் ஒரு கடைக் கருவியின் பலகை உயிரிழந்தது. வீட்டுக் கருவிகள் கோடிக்கணக்கில் விற்றவை. கடைக் கருவிகள் அப்படியல்ல.

2010களின் தொடக்கத்தில் என்.இ.எஸ்.ஆர்.ஜி.பி. என்ற சிறு பலகை வந்தபோதுதான் இந்நிலை மாறியது. பி.பி.யு. சில்லைக் கழற்றி, இப்பலகையின் மேல் பொருத்தி, இரண்டையும் சேர்த்துக் கருவியில் வைக்க வேண்டும். பி.பி.யு.வில் வழக்கமாகப் பயன்படாத சில கால்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் நிறப்பெட்டியின் எந்த அறை தேவை என்ற எண்ணை வெளியிடக்கூடியவை. மையச் செயலகம் நிறப்பெட்டியில் எழுதுவதையும் பலகை கவனித்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அறிந்து, ஆர்.ஜி.பி. சமிக்ஞையைப் புதிதாக உருவாக்குகிறது. கடைக் கருவியை அழிக்கும் தேவை இதனால் மறைந்தது. சில ஆண்டுகளில் இதே கருத்தின் அடிப்படையில் எச்.டி.எம்.ஐ. வெளியிடும் பலகையும் வந்தது.

ஃபேமிகாமின் நிறங்களுக்கு முடிவான ஒரே பட்டியல் கிடையாது என்பதும் இப்போது வெளிப்பட்டது. காம்போசிட் அலையை ஒவ்வொரு தொலைக்காட்சியும் சற்று வேறாகப் புரிந்துகொண்டது. வானத்தின் நீலம் ஒரு வீட்டில் ஊதாவாகவும் மற்றொரு வீட்டில் வெளிர்நீலமாகவும் தெரிந்திருக்கும். ஆர்.ஜி.பி. பலகையை வடிவமைப்பவர் ஒரு நிறத்தைத் தேர்ந்தாக வேண்டும். இதனால் இப்பலகைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறப் பட்டியல்கள் தரப்படுகின்றன.

இருந்தும் மறைக்கப்பட்ட இணைப்புகள்

செலவைக் குறைக்கும் முயற்சியில், முன்பு இருந்த வசதியை நிறுவனங்களே நீக்கியதும் உண்டு. 1997இல் அமெரிக்காவில் வந்த சூப்பர் என்.இ.எஸ். கருவியின் சிறிய வடிவம் அதற்கு எடுத்துக்காட்டு. அதில் ஆர்.ஜி.பி.யும் எஸ்-வீடியோவும் பின்புற இணைப்பில் இல்லை. ஆனால் உள்ளே இருந்த சில்லு அவற்றைத் தொடர்ந்து உருவாக்கியது. சில கம்பிகளும் ஒரு சிறு பெருக்கியும் சேர்த்தால் இழந்த வசதி திரும்பியது. பின்னாளில் வந்த சில்லுகள் ஒருங்கிணைந்தவை என்பதால், இவ்வடிவத்தின் படம் முந்தைய பெரிய வடிவங்களைவிடக் கூர்மையாக இருந்தது. மலிவாக்கப்பட்ட கருவியே தேடப்படும் கருவியானது இவ்வாறுதான்.

1996இல் வந்த நின்டெண்டோ 64 கருவியிலும் ஆர்.ஜி.பி. வெளியே வரவில்லை. அதன் தொடக்ககாலப் பலகைகளில், எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு தனியாக இருந்தது. அதன் கால்களில் ஆர்.ஜி.பி. கிடைத்ததால் ஒரு பெருக்கிச் சில்லைச் சேர்ப்பது போதுமானதாக இருந்தது. பிற்காலப் பலகைகளில் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கியதால் அந்த வழி மூடப்பட்டது. அப்போது ஆர்வலர்கள் இன்னும் ஒரு படி பின்னே சென்றனர். மாற்றும் சில்லுக்குள் நுழையும் எண்களையே படித்து, தனியாக ஆர்.ஜி.பி. உருவாக்கும் பலகைகளை அமைத்தனர். நின்டெண்டோ 64 தன் படத்தின் கூர் விளிம்புகளை வேண்டுமென்றே மென்மையாக்கும். எண்களைப் படிக்கும் பலகைகள் அந்த மென்மையின் ஒரு பகுதியை நீக்கும் வசதியையும் தந்தன.

கையடக்கக் கருவிகள்

கையடக்கக் கருவிகளில் சிக்கல் சமிக்ஞையில் இல்லை, திரையில் இருந்தது. 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் 240 × 160 புள்ளிகள் கொண்ட வண்ணத் திரையைப் பெற்றிருந்தது. ஆனால் அத்திரைக்கு விளக்கு இல்லை. சன்னல் ஓரத்திலோ விளக்கின் கீழோ அமர்ந்தால்தான் படம் தெரியும். 2002இல் ஆஃப்டர்பர்னர் என்ற முன்விளக்குத் தொகுப்பு விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் கருவியைத் திறந்து, திரையின் மேல் மெல்லிய ஒளித்தகட்டை ஒட்டி, இரண்டு கம்பிகளை சால்டர் செய்து, தூசி புகாமல் மூட வேண்டும். 2003இல் நின்டெண்டோ வெளியிட்ட கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி. கருவி முன்விளக்குடனேயே வந்தது. 2005இல் அதன் ஒரு வடிவம் பின்விளக்குத் திரையைப் பெற்றது. அத்திரையைக் கழற்றிப் பழைய கேம் பாய் அட்வான்ஸில் பொருத்துவது அடுத்த மாற்றமாயிற்று. இப்போது அதற்கெனவே செய்யப்பட்ட புதிய எல்.சி.டி. திரைகள் கிடைக்கின்றன. பயன்படுத்துவோர் வெளிப்படுத்திய குறையும் நிறுவனம் தந்த தீர்வும் இவ்வளவு நெருக்கமாக அமைந்தது இத்துறையில் அரிது.

தட்டைத் திரைகளின் வருகை

2000களின் பிற்பகுதி வரை படத்தர மாற்றம் சிலரின் விருப்பமாக இருந்தது. படக்குழாய்த் தொலைக்காட்சி மறைந்தபோது அது பலரின் தேவையாயிற்று. சோனி 2008இல் படக்குழாய்த் தொலைக்காட்சி உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு முடிந்தது. ஜப்பானில் பெரும்பாலான பகுதிகளில் 2011 ஜூலை 24 அன்று முடிந்தது. ஆன்டெனா இணைப்பை மட்டுமே நம்பிய கருவிகளின் படத்தை ஏற்கும் பெட்டிகள் குறையத் தொடங்கின.

பழைய கருவிகளின் படம் ஒளிபரப்புப் படத்தில் இருந்து ஒரு வகையில் வேறுபட்டது. என்.டி.எஸ்.சி. முறையில் ஒரு முழுப்படம் 525 வரிகள் கொண்டது. அது ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாக அனுப்பப்படும். பழைய கருவிகள் இரு பாதிகளையும் ஒரே வரிகளின் மேலேயே வரைந்தன. இதனால் ஏறத்தாழ 240 வரிகள் நொடிக்கு 60 முறை வந்தன. இடையில் உள்ள வரிகள் இருட்டாகவே நின்றன. ஆர்வலர்கள் இதை 240பி என்பர். படக்குழாய்க்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. தட்டைத் திரைகள் பல, இதைப் பாதி பாதியாக வரும் ஒளிபரப்புப் படம் என்று தவறாகக் கருதி, இரண்டையும் பின்ன முயன்றன. படம் குழைந்தது. அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட நேரத்தால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் பாத்திரம் குதிப்பதற்கும் இடையே தாமதம் ஏற்பட்டது. நொடியின் சிறு பகுதிக்குள் முடிவெடுக்க வேண்டிய விளையாட்டுகளில் இத்தாமதம் தோல்வியாக முடிந்தது.

இதற்குத் தீர்வாகத் தனி மாற்றிகள் வந்தன. ஜப்பானின் மைக்காம்சாஃப்ட் நிறுவனம் ஃப்ரேம்மைஸ்டர் என்ற கருவியை 2010களின் தொடக்கத்தில் விற்றது. பின்னர் ஓ.எஸ்.எஸ்.சி. என்ற திறந்த மூல வடிவமைப்பு வந்தது. அது முழுப்படத்தையும் சேமித்துக் கணக்கிடாமல், ஒவ்வொரு வரியையும் வந்த உடனே பெருக்கி அனுப்புவதால் தாமதம் அநேகமாக இல்லை. ரெட்ரோடிங்க் வரிசை மாற்றிகள் அடுத்து வந்தன. இவை யாவும் நல்ல ஆர்.ஜி.பி. உள்ளே வந்தால்தான் நல்ல படத்தைத் தரும். எனவே கருவிக்குள் செய்யும் மாற்றங்களின் தேவையும் இவற்றால் பெருகியது.

எண்முறை மாற்றங்கள்

2001இல் வந்த நின்டெண்டோ கேம்கியூப் கருவியில், படத்தை எண்களாகவே வெளியிடும் ஓர் இணைப்பு பின்புறம் இருந்தது. அதற்கு உரிய காம்பொனென்ட் கேபிளை நின்டெண்டோ மட்டுமே விற்றது. எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு அக்கேபிளின் முனைக்குள் இருந்ததால், பிறர் அதை எளிதில் நகலெடுக்க முடியவில்லை. வாங்கியவர் குறைவு என்பதால் பின்னாளில் கருவியில் இருந்து அந்த இணைப்பே நீக்கப்பட்டது. அதன்பின் பழைய கேபிள் ஒன்றின் விலை கருவியின் விலையையே தாண்டியது. 2010களின் நடுவில் ஜி.சி.வீடியோ என்ற திறந்த மூலத் திட்டம் அந்த இணைப்பின் எண்களைப் படித்து எச்.டி.எம்.ஐ. ஆக்கும் வழியை வெளியிட்டது. முதலில் கருவிக்குள் பொருத்தும் பலகையாக வந்தது, பின்னர் வெளியே செருகும் முனையாகவும் ஆனது. இன்று இணைப்பு உள்ள கேம்கியூப் ஒன்றைத் திறக்காமலேயே தட்டைத் திரையில் இணைக்கலாம்.

இவ்வகைப் பலகைகளின் மையத்தில் இருப்பது எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லு. தேவைக்கு ஏற்ப உள் மின்சுற்றை மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய இச்சில்லு மலிவானதே, தனிநபர்களாலும் இத்தகைய பலகைகளை வடிவமைக்க முடிந்ததற்குக் காரணம். அதே சில்லைக் கொண்டு பழைய கருவி முழுவதையும் புதிதாக உருவாக்கும் முயற்சிகளும் வந்தன. அனலாக் நிறுவனம் 2015இல் வெளியிட்ட என்.டி. கருவி உண்மையான ஃபேமிகாம் சில்லுகளைப் பயன்படுத்தியது. 2017இல் வந்த அதன் சிறிய வடிவம் பழைய சில்லுகளை விட்டு எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு மாறியது.

இந்தியாவில்

இந்தியாவில் 1990களில் பரவலாக விற்றவை ஃபேமிகாமின் அனுமதியற்ற நகல்கள். தமிழ்நாட்டு வீடுகளில் 'டிவி கேம்' என்றும் அதன் விளையாட்டு அட்டைகள் 'கேசட்' என்றும் அறியப்பட்டன. பால் வண்ண முறைக்கு ஏற்பச் செய்யப்பட்ட அவை, ஆன்டெனா இணைப்பு வழியாகவோ மஞ்சள் முனைக் கேபிள் வழியாகவோ தொலைக்காட்சியோடு இணைந்தன. அவற்றில் பலவற்றின் உள்ளே தனித்தனிச் சில்லுகள் இல்லை. முழுக் கருவியும் ஒரு கறுப்புப் பசைப் பொட்டின் கீழ் அடங்கியிருந்தது. தூக்கிச் சால்டர் செய்யக் காலும் இல்லை, இடையில் எடுக்கத் தடமும் இல்லை. எனவே மேலே கண்ட ஆர்.ஜி.பி. மாற்றங்கள் அவற்றுக்குப் பொருந்துவதில்லை.

எது உண்மையான படம்?

1991இல் மெகா டிரைவ் கருவிக்கு வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் விளையாட்டில் அருவிகள் உண்டு. மெகா டிரைவால் ஒளி ஊடுருவும் நீரை நேரடியாக வரைய முடியாது. எனவே ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளால் அருவி வரையப்பட்டது. காம்போசிட்டின் மங்கல் அக்கோடுகளைக் கரைத்து, பின்னால் இருப்பதைக் காட்டும் நீராக மாற்றியது. அதே அருவியை ஆர்.ஜி.பி.யில் பார்த்தால் நீர் மறைந்து வேலிக்கம்பிகள் தெரிகின்றன.

இங்கே தெளிவு ஒரு இழப்பாகிறது. அக்காலத்து ஓவியர்கள் படக்குழாயின் ஒளிக்கசிவையும் கேபிளின் மங்கலையும் மனத்தில் வைத்து நிழல்களையும் நிறக்கலவைகளையும் அமைத்தது உண்டு. சதுரம் சதுரமாகத் தெரியும் முகங்கள் படக்குழாயில் வட்டமாகின்றன. அதே வேளை, எல்லா ஓவியர்களும் காம்போசிட்டையே கருதினர் என்றும் கூற முடியாது. கடைக் கருவிகள் ஆர்.ஜி.பி.யில் ஓடின. ஐரோப்பிய வீடுகள் பலவற்றில் ஸ்கார்ட் இருந்தது. ஒரே விளையாட்டை ஒரே நாளில் வாங்கிய இருவர் வெவ்வேறு படத்தையே பார்த்தனர். ஆகவே சில்லில் இருந்து வரும் எண்களே உண்மை என்று கூறுவோரும், பிள்ளைகள் அன்று கண்டதே உண்மை என்று கூறுவோரும் இன்றும் உள்ளனர். முதல் தரப்பிடம் அளக்கக்கூடிய சான்று இருக்கிறது. இரண்டாம் தரப்பின் சான்று, பழுதாகிக்கொண்டே வரும் படக்குழாய்களுக்குள் இருக்கிறது.

கருவியைக் காத்தல்

தொடக்ககால மாற்றங்களில் கருவியின் கூட்டில் துளையிடுவது இயல்பாக இருந்தது. அப்படித் துளையிட்ட கூட்டை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கருவிகள் அரிதாகிவரும் நிலையில், துளையிடாமல் பொருத்தக்கூடியதும், வேண்டுமானால் கழற்றக்கூடியதுமான மாற்றங்களே இப்போது மதிக்கப்படுகின்றன. கழற்றிய பண்பேற்றியையும் பிற பாகங்களையும் எறியாமல் பாதுகாப்பதும் நல்ல வழக்கம்.

எந்த மாற்றத்துக்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியவை மின்தேக்கிகள். சேகா கேம் கியர் போன்ற கருவிகளில் இவற்றின் திரவம் கசிந்து சுற்றுப்பலகையின் தடங்களை அரித்துவிடுகிறது. மங்கிய படத்துக்குப் பல வேளைகளில் பழைய மின்தேக்கியே காரணமாக இருக்கும். அதை மாற்றினாலே படம் திரும்பும்.

கருவிக்கு மாறாகத் தொலைக்காட்சியைத் திறந்து ஆர்.ஜி.பி. நுழைவாயில் சேர்ப்பவர்களும் உண்டு. வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உருவாகிறது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அது குழாயில் தங்கியிருக்கக்கூடும். பயிற்சி இல்லாதவர்கள் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

இன்றைய நிலை

2023இன் இறுதியில் ரெட்ரோடிங்க்-4கே மாற்றி விற்பனைக்கு வந்தது. பழைய கருவியின் 240 வரிகளை 4கே திரையின் 2160 வரிகளாக விரிக்கும் அக்கருவியின் முக்கிய வசதிகளில் ஒன்று, படக்குழாயின் போலித் தோற்றத்தை உருவாக்குவது. வரிகளுக்கு இடையிலான இருட்டு, ஒளிரும் பாஸ்பரப் புள்ளிகளின் அமைப்பு, வெளிச்சமான இடங்களின் கசிவு ஆகிய அனைத்தையும் அது கணக்கிட்டு வரைகிறது. இத்தகைய தோற்றத்தைக் கணினி மென்பொருள்களும் தருகின்றன. இப்போது ஒருவர் சோனிக்கின் அருவியைக் கோடுகளாகவும் பார்க்கலாம், நீராகவும் பார்க்கலாம். 1991இல் அந்தத் தேர்வு வீட்டில் இருந்த கேபிளின் கையில் இருந்தது.